நாலாவது மிக்ஸ்

மார்ச் 1, வெள்ளி

இன்று உலக அதிசயம். என் சிநேகிதன் துஷ்யந்தன், இசைத்தட்டுகளை ஒன்றோடொன்று கோத்துப் பதிகிற தன் ஞாயிற்றுக்கிழமை மிக்ஸை வெள்ளிக்கிழமையே அனுப்பிவிட்டான். ஒன்றல்ல, மூன்று. வருகிற மூன்று ஞாயிறுகளுக்கும் சேர்த்து. ஈஸ்ட்ஹாமில் ஒரு மரக்கறிக் கடைக்கு மேலே இருக்கிற இந்தச் சின்ன இணைய வானொலியில் நிகழ்ச்சி அட்டவணை பார்ப்பது நான்தான். சம்பளமில்லாத உத்தியோகம். துஷி எனக்குத் தெரிய ஒருநாளும் நேரத்துக்கு அனுப்பியதில்லை. நாலு மணி நிகழ்ச்சிக்கு நாலு மணிக்குச் சற்று முன்னர்தான் பதிந்ததைக் கையில் கொண்டு படியேறி ஓடி வருவான், மூச்சு வாங்கும்.

"என்னடா, வீட்டுப்பாடமெல்லாம் முடிச்சிட்டாய்?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் ஆறுதலா இருப்பம் எண்டு யோசிச்சன்" என்றான்.

கூடவே 'மழைக்காரி'யையும் தந்தான். அது ஒரு வெள்ளை லேபல் இசைத்தட்டு. பாட்டின் பெயர், ஆளின் பெயர் ஒன்றும் அதில் இல்லை. பெயர் இருக்கிற தட்டுகளுக்கும் துஷி மேலே கடதாசி ஒட்டிவிடுவான், மற்ற டீஜேக்கள் பார்த்து வாங்கிவிடக் கூடாதென்று. அந்தக் கடதாசியில் தமிழில் தானே பெயர் எழுதுவான். சித்தப்பா, புட்டுக்குழல், மாமியின் சிரிப்பு. எல்லாவற்றிலும் பெரிய ராணி மழைக்காரி. இத்தனை வருஷம் என் விரல்கூடப் பட விடாதவன், "வச்சிரு மச்சான், உன்னட்ட இருக்கட்டும்" என்றான். நான் வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டேன். நன்றி சொல்லவும் மறந்துவிட்டேன்.

நான் பார்சல் கொடுக்க ஓட்டுகிற வானுக்குப் பின் டயர் மாற்ற வேண்டும். நாளைக்குப் பார்சல் அதிகம் என்கிறார்கள்.

மார்ச் 3, ஞாயிறு

முதல் மிக்ஸ் போனது. வழக்கம்போல முக்கால்வாசி டீப் ஹவுஸ், கடைசியில் டிரம் அண்ட் பேஸ். ஒருமுறை என் அக்கா இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாள். டீப் ஹவுஸ் சாப்பிட்டுவிட்டுத் தெருவில் நடக்கிற மாதிரி. அவசரமில்லை, ஒரே காலடி. டிரம் அண்ட் பேஸில் மேளம் தலைதெறிக்க ஓடும், அடியில் பேஸ் மட்டும் அதே நடை நடக்கும். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற பிள்ளையும் பின்னால் ஆறுதலாக வருகிற தாயும் என்று சொன்னேன். இரண்டும் ஒரே இரைச்சல்தான் என்றாள்.

துஷி நிகழ்ச்சியில் பேசமாட்டான். தட்டுக்கு மேல் வாய் வைக்கிறவனை எச்சில் சோற்றுக்காரன் என்பான். இரண்டு மணிநேரமும் ஒரு சொல் இருக்காது.

ஐந்து மணிக்கு அவனுடைய அம்மா தவமலர் அன்ரி போன் எடுத்தா.

"தம்பி செந்தூரன், துஷி அங்கயோ நிக்கிறான்? நேற்றுக் காலமை போனவன், இன்னும் வீட்ட வரேல்லை. போனையும் கட்டில்ல விட்டிட்டுப் போட்டான்."

நான் பதில் சொல்ல முதல் அவவே சொன்னா: "இஞ்ச, அவன்ர மேளம் கேக்குது கொம்பியூட்டரில. ஸ்ரேசனிலதான் நிக்கிறான் என்ன? முடிச்சிட்டுச் சாப்பிட வரச் சொல்லு. இறால் வாங்கினனான்."

"அன்ரி…" என்றேன். வைத்துவிட்டா. திரும்ப எடுக்கலாம் என்று இருந்தேன். அவன் யாராவது சிநேகிதன் வீட்டில் படுத்துக் கிடப்பான். நாளைக்கு வந்துவிடுவான்.

மார்ச் 5, செவ்வாய்

வரவில்லை. அன்ரி பொலிஸுக்குப் போனா. ஒரு பொலிஸ்காரி வீட்டுக்கு வந்து அவன் அறையைப் பார்த்திருக்கிறாள். மேசை லாச்சியில் மாத்திரைப் பெட்டிகள், பிரிக்காமல். மனச்சோர்வுக்கு டொக்டர் கொடுத்தவை. கார்த்திகை மாதத்திலிருந்தே எடுக்கவில்லையாம்.

அவன் மருந்து எடுக்கிறான் என்பதே எனக்குத் தெரியாது. வாரத்தில் மூன்று நாள் பேசுகிறோம். எதைப் பேசினோம்? பேஸ் எவ்வளவு, வேகம் எவ்வளவு, எந்தத் தட்டுக்குப் பின் எந்தத் தட்டு.

அவன் உயிருக்குப் பெரிய ஆபத்து என்று பதிந்திருக்கிறார்களாம். ஆற்றோரம் பார்க்கிறார்களாம். இதற்கு மேல் எழுத முடியவில்லை.

மார்ச் 9, சனி

அன்ரியும் கோயில் ஆட்களும் அவன் படம் போட்ட நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். "நீயும் வாறியோ தம்பி, உனக்குத்தானே அவன் போற இடங்கள் தெரியும்" என்று கேட்டா. வேலை என்றேன். வேலை இரண்டு மணிக்கே முடிந்துவிட்டது. ஸ்டேசனுக்குப் போய் வயர்களைச் சுற்றி வைத்தேன், மிக்சர் மேசையைத் துடைத்தேன். யாராவது இதையும் பார்க்கத்தானே வேண்டும்.

மார்ச் 10, ஞாயிறு

இரண்டாவது மிக்ஸ். பாதியில் அன்ரி எடுத்தா. அழுதுகொண்டு சிரித்தா.

"கேக்கிறியே தம்பி? எங்கயோ இருந்து வாசிக்கிறான். எனக்குச் சொல்ல அவனுக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான். இருக்கட்டும். உயிரோட இருக்கிறான்தானே."

அது முன்னமே அனுப்பி வைத்தது அன்ரி, கணினி தானாகப் போடுகிறது என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். அந்த மனுஷி ஒரு வாரமாகப் படுக்கவில்லை, குரலைக் கேட்டாலே தெரியும்.

"ஓம் அன்ரி, கேக்கிறன்" என்றேன்.

மார்ச் 17, ஞாயிறு

மூன்றாவது. இதை முழுதாக இருந்து கேட்டேன். டீப் ஹவுஸ் பகுதியில் எல்லாம் இரண்டு சுரக்கூட்டு மட்டும் மாறி மாறி வருகிற தட்டுகள். ஒரு பெண் ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் விடுகிறாள். அப்படியே ஒன்றுக்குள் ஒன்று ஊறிப் போகிறது. எங்கே ஒரு தட்டு முடிந்து மற்றது தொடங்கியது என்று எனக்கே பிடிபடவில்லை. கடைசித் தட்டு முடிந்த பின்னும் ஊசியை எடுக்காமல் விட்டிருக்கிறான். கர்ர், டக். கர்ர், டக். கொஞ்ச நேரம் அதுதான். மறந்துவிட்டான் போலிருக்கிறது.

இனி அவன் அனுப்பி வைத்தது ஒன்றும் மிச்சமில்லை.

மார்ச் 20, புதன்

ஸ்டேசன் முதலாளி டெரிக் கேட்டான், ஞாயிறு நாலு மணியை வேறு ஆளுக்குக் கொடுக்கவா என்று. வேண்டாம், துஷி அனுப்புவான் என்று வாயிலிருந்து வந்துவிட்டது.

வானொலியில் எனக்கு முதல் நாள் சொல்லித் தந்தது ஒன்றே ஒன்றுதான்: சத்தம் நிற்கக் கூடாது. பிழையான பாட்டுப் போனாலும் பரவாயில்லை, ஒன்றுமில்லாமல் போகக் கூடாது. கொஞ்ச நேரம் அமைதி வந்தாலே என் போன் அலறும். நித்திரையிலும் கை தானாக ஓடும். டெரிக் அதைத் தீப்பிடித்த மாதிரி என்பான்.

ஞாயிறு நாலு மணிக்கு ஒன்றும் வராவிட்டால் அன்ரி என்ன நினைப்பா?

மார்ச் 21, வியாழன்

வேலை முடிந்து அன்ரி வீட்டுக்குப் போனேன். துஷியின் தட்டுகள் கொஞ்சம் வேண்டும் என்றேன். கதவைப் பிடித்தபடி என்னையே பார்த்தா.

"அவன் கேட்டவனோ?"

எனக்கு இருமல் வந்தது. உண்மையிலேயே வந்தது. இருமி முடித்துத் தண்ணீர் குடித்தேன்.

"சொல்ல வேண்டாம் தம்பி. சொல்லாதை எண்டு சொல்லியிருப்பான். நான் கேக்கேல்லை" என்று அவவே அறையைத் திறந்து, தட்டுப் பெட்டிகளை வானுக்குத் தூக்க ஒரு பக்கம் பிடித்தா. மேலே ஒரு போத்தல் ஊறுகாயும் வைத்தா. அவனுக்கு.

ஊறுகாய் என் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கிறது.

மார்ச் 23, சனி

பகல் முழுக்கப் பழகினேன். டீப் ஹவுஸ் எனக்கு வரும். டிரம் அண்ட் பேஸும் வரும். இரண்டுக்கும் நடுவில் துஷி போடுகிற அந்தப் பாலம்தான் வரவில்லை. நடை வேகத்திலிருந்து ஓட்ட வேகத்துக்கு மற்றவர்கள் நிறுத்தி, மூச்சுவிட்டு, புதிதாகத் தொடங்குவார்கள். துஷி நிறுத்த மாட்டான். நிமிஷத்துக்கு முப்பத்துமூன்று தரம் சுற்றுகிற ஹவுஸ் தட்டை அப்படியே நாற்பத்தைந்துக்குத் தட்டிவிடுவான். பாடுகிறவளின் குரல் குழந்தைக் குரலாகும், நடை ஓட்டமாகும். அந்தக் கணத்தில் டிரம் அண்ட் பேஸ் தட்டை உள்ளே விடுவான். கேட்கிறவனுக்கு மாடிப்படியில் ஒரு படி தவறின மாதிரி இருக்கும், விழமாட்டான்.

நான் தட்டினால் இரண்டு மேளமும் முட்டிக்கொண்டு சட்டி பானை உருண்ட சத்தம். மத்தியானம் வரை அப்படித்தான். பிறகு பழைய மிக்ஸ் ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்டபோது பிடிபட்டது. தட்டுகிறதற்கு வெகு முன்னமே அவன் வேகத்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொண்டு வருகிறான். யாருக்கும் தெரியாமல். எவ்வளவு நாளாக ஏற்றிக்கொண்டிருந்தான், நான் பக்கத்திலேயே நின்றேன்.

அதன் பிறகு எனக்கும் வந்தது.

மார்ச் 24, ஞாயிறு

நாலாவது மிக்ஸ் போனது. துஷி என்ற பெயரில், துஷியின் தட்டுகளில், துஷியின் பாலத்தோடு. மழைக்காரியும் போட்டேன். அன்ரிக்காகத்தான் செய்தேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

நிகழ்ச்சி நடக்கும்போது கேட்கிறவர்கள் எழுதுகிற பெட்டியில் ஒரே ஆரவாரம். லீட்ஸில் இருக்கிற தாதி ஒருத்தி, துஷி, இத்தனை நாளில் இதுதான் உச்சம் என்று எழுதினாள். போலந்தில் பாண் சுடுகிற ஒருவர் ஒவ்வொரு கிழமையும் வருவார். பாலம் வந்த இடத்தில் மாவுக் கையோடு குதித்தேன் என்றார். மூன்று தரம் வாசித்தேன். எனக்கு வயது நாற்பத்தொன்று. என் பெயரில் நான் போட்ட மிக்ஸ் எதற்கும் யாரும் குதித்ததில்லை.

அன்ரி எடுத்தா. "இண்டைக்குச் சந்தோஷமா வாசிச்சிருக்கிறான் பிள்ளை" என்றா.

மார்ச் 27, புதன்

எல்லாம் குட்டிச்சுவர்.

அன்ரி பொலிஸ்காரியிடம் சொல்லியிருக்கிறா. மகன் வாராவாரம் வானொலியில் வாசிக்கிறான், சிநேகிதனை விட்டுத் தட்டுகளும் எடுப்பித்தான் என்று. பொலிஸ்காரி ஸ்டேசனின் பக்கத்தைப் பார்த்திருக்கிறாள். போன ஞாயிற்றுத் திகதியோடு புது மிக்ஸ், துஷியின் பெயர். ஆபத்து குறைவு என்று மாற்றிவிட்டார்களாம். வயதுவந்த ஆள், தானாக விலகி இருக்கிறார், வரும்போது வருவார். ஆற்றோரத் தேடலும் இல்லை, படமும் இல்லை.

"நல்ல செய்திதானே தம்பி" என்கிறா. நோட்டீஸ்களைக் கழற்றச் சொல்லிவிட்டாவாம், அவனுக்கு வெட்கமாக இருக்குமாம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். இப்போது அந்தச் சோற்றை எல்லோரும் சாப்பிட்டுவிட்டார்கள். சொல்ல வேண்டும். நாளைக்கே சொல்ல வேண்டும்.

கொதிகலன் பழுது. குளிர்ந்த தண்ணீரில் குளித்தேன்.

மார்ச் 31, ஞாயிறு

ஐந்தாவது மிக்ஸ். ஏற்கெனவே பாதி செய்து வைத்திருந்தேன். திடீரென்று நிறுத்தினால் அன்ரி இன்னும் பயப்படுவா என்று… இல்லை. எனக்கே பொறுக்கவில்லை இந்தப் பொய். பயம். நான் போடாவிட்டால் அவன் செத்துப்போவான் என்கிற பயம். நான் போடுகிறவரை எங்கேயோ அவன் விரல் தட்டின்மேல் இருக்கிற மாதிரி.

பெட்டியில் எழுதியவற்றை இன்று வாசிக்கவில்லை. ஒருதரம்தான் வாசித்தேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

சொல்லவில்லை.

ஏப்ரல் 3, புதன்

சொன்னேன். அன்ரி வீட்டுக் குசினியில், நின்றபடி. நாலாவதும் ஐந்தாவதும் நான். முதல் மூன்றும் அவன் போக முன்னம் அனுப்பினவை. அவன் எங்கே என்று எனக்குத் தெரியாது. ஒருநாளும் தெரியாது.

அடிப்பா என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது. வெட்டிக்கொண்டிருந்த வெங்காயத்தை வெட்டி முடித்தா. கத்தியைக் கழுவினா.

"அப்ப ஞாயிற்றுக்கிழமை நான் சமைச்சு வச்சிட்டு இருந்து கேட்டது உன்னையோ?"

"ஓம் அன்ரி."

"அவன் சந்தோஷமா இருக்கிறான் எண்டு நினைச்சன் தம்பி."

"தெரியும் அன்ரி."

"நீ சந்தோஷமா இருந்திருக்கிறாய்."

அன்ரி கதிரையில் உட்கார்ந்து, என் போனை நீட்டச் சொல்லி, பொலிஸ்காரியின் நம்பரைத் தானே அழுத்தி என் கையில் தந்தா. "சொல்லு" என்றா. முழுவதையும் அவவுக்கு முன்னால் சொன்னேன். பொலிஸ்காரி திகதிகளை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். பிறகு, எத்தனை நாளை வீணாக்கினீர்கள் தெரியுமா என்று கேட்டாள். தெரியும்.

ஏப்ரல் 4, வியாழன்

திரும்பவும் தேடுகிறார்கள். நோட்டீஸ்கள் இன்று நான் ஒட்டினேன். அப்டன் பார்க்கிலிருந்து பார்க்கிங் ரயில் நிலையம் வரை, கண்ட கம்பம் எல்லாம். வேலைக்குப் போகவில்லை. கடைக்குக் கடை படத்தைக் காட்டினேன். பழைய தட்டுக்கடைக்காரர், போன மாதம் வந்து இரண்டு பெட்டித் தட்டைச் சும்மா தந்துவிட்டுப் போனானே என்றார். உங்களுக்குச் சொல்லவில்லையா என்று கேட்டார்.

கடவுளே, எங்கேயாவது இரு. எங்கேயாவது கோபமாகவாவது இரு.

ஏப்ரல் 5, வெள்ளி

கிடைத்துவிட்டான். மார்கேட்டில், கடற்கரையோர விடுதி ஒன்றில். வங்கி அட்டையை வைத்துப் பிடித்தார்கள். கதவை உடைத்துத்தான் எடுத்தார்களாம். ஆஸ்பத்திரியில் இருக்கிறான்.

"உயிர் இருக்குது" என்றா அன்ரி. நான் வானை எடுத்துக்கொண்டு போய் அவவை ஏற்றினேன்.

ஏப்ரல் 6, சனி

முதல் நாள் அன்ரியை மட்டும் விட்டார்கள். இன்று என்னையும் விட்டார்கள். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டிக் கிடக்கிறான். அன்ரி தேத்தண்ணி வாங்கப் போன நேரம், முகட்டைப் பார்த்தபடி பேசினான். அவ்வளவு மெதுவாக, நான் குனிய வேண்டியிருந்தது.

"மூண்டு போட்டிட்டுப் போனன். நாலாவது கிழமை ஒண்டும் வராது, அப்ப தெரியவரும் எண்டு நினைச்சன்."

"என்ன தெரியவரும்?"

"நான் இல்லையெண்டு."

மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான்: "அந்த ஞாயிறு வரைக்கும் பொறுத்துப் பாப்பம் எண்டு இருந்தனான் மச்சான். ஒரு பழைய போன் வாங்கி வச்சிருந்தன். ஒண்டும் வராமல் விட்டால் ஆராவது தேடுவினம். தேடினால் திரும்பிப் போவம் எண்டு. நாலு மணிக்கு அதில வானொலியைப் போட்டன். வந்தது. என்ர பேரில. பாலமும் வந்தது, மழைக்காரியும் வந்தது. நல்லா இருந்தது."

"துஷி…"

"என்னைவிட நல்லா இருந்ததடா. அடுத்த கிழமையும் போட்டுப் பாத்தன். அதுவும் நல்லா இருந்தது. அப்ப சரி, நான் இல்லாமலே எல்லாம் நடக்குது எண்டு விளங்கிச்சு."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பாராட்டாகச் சொன்னான்.

ஏப்ரல் 7, ஞாயிறு

இன்றைக்கு நாலு மணிக்கு ஒன்றும் போடவில்லை.

ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். அமைதிக்கான எச்சரிக்கை என் போனில் அலறியது, நிறுத்தினேன். டெரிக் போன் எடுத்தான், நான் பதில் கொடுக்கவில்லை. திரும்பத் திரும்ப எடுத்தான். கை அரித்தது. போனை முழங்காலுக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் கேட்கிறவர்கள் எழுதத் தொடங்கினார்கள். நான் வாசித்துக் காட்டினேன், தமிழாக்கி. லீட்ஸ் தாதி: துஷி எங்கே? பாண் சுடுகிறவர்: சத்தம் வரவில்லை, துஷிக்குச் சுகமில்லையா? கிளாஸ்கோவில் ஒருத்தன்: இந்த மனுஷன் என் டிவோர்ஸ் முழுக்க எனக்குத் துணை இருந்தவர், யாராவது அவர் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். பிறகு தெரியாத பெயர்கள். துஷி எங்கே, துஷி எங்கே. சிலர் ஒரு கேள்விக்குறி மட்டும். எவரும் பெட்டியை விட்டுப் போகவில்லை. ஒன்றுமில்லாததைக் கேட்டுக்கொண்டு இருந்தார்கள்.

துஷி கண்ணை மூடியபடி கேட்டான். அன்ரி அவன் காலைப் பிடித்துக்கொண்டு இருந்தா.

"வேற?" என்றான்.

வாசித்தேன். கீழே இறங்கி இறங்கி வாசித்தேன்.

"வேற?"

"அவ்வளவுதான் மச்சான். இன்னும் எழுதுகினம்."

கண்ணைத் திறந்து முதல்தரமாக என்னைப் பார்த்தான்.

"அதில உன்ர பேர் இல்லையே" என்றான்.

அன்ரி நிமிர்ந்து என்னைப் பார்த்தா. எனக்கு இருமல் வரவில்லை. இல்லை என்றேன். நான் ஒருதரமும் கேட்கவில்லை துஷி, ஒரு ஆளிடமும் நீ எங்கே என்று கேட்கவில்லை, பொலிஸ்காரிக்குச் சொன்ன பிறகுதான் கேட்டேன் என்றேன். அவன் தலையை ஆட்டினான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். பார்க்க வந்தவர்களுக்கு நேரம் முடிந்தது என்று தாதி வந்து சொல்லும்வரை நானும் அன்ரியும் அங்கேயே இருந்தோம்.